அப்பப்பா ‘சபாஷ்’ சொன்னது பிழையா?

கேள்வி: ஐயா, என் மகள் தரம் 8இல் படிக்கிறாள். பாடசாலைப் பாண்ட் குழுவில் கிளாரினெற் வாசிக்கிறாள். சென்ற வருடம் முதல் தடவையாக, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என்று எதனோடும் ஒட்டாமல், பாண்ட் இசைக்கென்றே ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தார்கள். குடும்பமாகப் போனோம். மகள் தனியே வாசிக்கும் மெல்லிய இடம் ஒன்றில் என் மாமனார் “சபாஷ்!” என்று உரத்துச் சொல்லிவிட்டார். மண்டபமே சிரித்தது, மகளின் வாத்தியம் கீச்சிட்டது. மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இளமையில் மேளக்கச்சேரி என்றால் ஊர் ஊராகச் சைக்கிளில் போனவர் அவர். ஆனாலும் மகள் இரண்டு நாள் அப்பப்பாவோடு கதைக்கவில்லை.

பின் வரிசையில் ஒரு அம்மா கனடாவில் இருக்கும் தங்கைக்குக் கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் காட்டிக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை திரும்பி முறைத்தேன். மூன்றாம் தடவை வாயைத் திறந்தேன். “பிள்ளைகளின் பாண்டுக்கு இவ்வளவு கெடுபிடியா?” என்று அவர் கேட்க, வாய்த்தர்க்கமாகிவிட்டது. போதாக்குறைக்கு, சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாசித்து முடித்ததும் பாதிச் சனம் எழுந்து போய்விட்டது. இந்த வருடமும் நிகழ்ச்சி வருகிறது. பெற்றார் பக்கத்தில் ஏதாவது செய்ய முடியுமா என்று பாண்ட் ஆசிரியர் என்னிடம் கேட்டிருக்கிறார். மாமாவை வீட்டில் விட்டுவிட்டுப் போவதா? அந்த அம்மாவிடம் நான் பேசியது பிழையா? இடையில் கை தட்டலாமா, கூடாதா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அப்பப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அன்று அந்த மண்டபத்தில் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டவர் அவர் ஒருவராகவே இருந்திருக்கக்கூடும். நல்ல இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சரியாக அந்த இடத்தில்தான் வாயைத் திறந்திருக்கிறார்.

நான் 30 வருடங்களுக்கு மேல் பாடசாலைகளில் பாண்ட் பழக்கியவன். ஆனால் இசை கேட்கப் பழகியது கோயில் வீதி மணலில். அப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு திருவிழாக்களுக்குப் போவார். இணுவில் தந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி, நாற்பதுகளின் தொடக்கத்திலேயே 1975இல் காலமாகிவிட்டார். நான் அவரைக் கேட்டது ஓரிரு தடவைதான், அதுவும் அப்பாவின் மடியில் அரைத் தூக்கத்தில். வாசிப்பு நினைவில் இல்லை. கேட்டவர்கள் நினைவில் இருக்கிறார்கள். தோளில் துவாய் போட்டவர்கள் மணலில் சப்பணம் கட்டி, தொடையில் தாளம் போட்டபடி இருப்பார்கள். ஒருவருடைய தாளம் தப்பினால் பக்கத்தில் இருப்பவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துச் சரியான அடியில் வைத்துவிடுவார். இருவருக்கும் முன்பின் பழக்கம் இருக்காது. நடுநடுவே “பலே”, “ஆகா”, “சபாஷ்”. அங்கே வாயை மூடிக்கொண்டு இருப்பவன்தான் மரியாதை தெரியாதவன்.

ஆனால் முழுக் கைதட்டல் எப்போது எழும் என்று மாமாவிடம் கேட்டுப் பாருங்கள். தீர்மானம், அதாவது வாசிப்பை முடித்துவைக்கும் தாளக்கட்டு, விழுந்த பிறகுதான் என்பார். ஒரே கோர்வை மூன்று தடவை வந்து, மூன்றாவது தடவை போய் இறங்கவேண்டிய அடியில் இறங்கும்வரை அத்தனை சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே பொறுத்திருக்கத் தெரியாதவர் அல்ல உங்கள் மாமா. ஒரு வீட்டு வழக்கத்தை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார், அவ்வளவுதான். இந்த வீட்டில் எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலில் பிரதம விருந்தினரின் பட்டங்கள் எல்லாம் இருந்திருக்கும். எப்போது கை தட்டுவது என்பது இருந்திருக்காது.

தவில் வித்துவானுக்கு ஊட்டமாக இருக்கும் அதே சபாஷ் உங்கள் மகளை ஏன் குலைத்தது? வித்துவான் தாளத்தை உடம்பில் வைத்திருப்பவர். அப்போதைக்கப்போது கற்பனை செய்து வாசிப்பவர். உங்கள் “ஆகா” அவரை அடுத்த அடிக்குத் தூக்கிவிடும். உங்கள் மகளுக்கு ஒரு கண் கடதாசியில், ஒரு கண் மாஸ்டரின் கையில். மனது எண்ணிக்கொண்டிருக்கிறது. வாயோ அதைவிடச் சிக்கலான வேலையில் இருக்கிறது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல, கிளாரினெற்றுக்கு நாணல் தண்டில் சீவிய மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அதைக் கீழுதட்டின் மேல் வைத்து, காற்றுக் கசியாமல் கடைவாயை இறுக்கி ஊதவேண்டும். சிரிப்பு வந்தால் கடைவாய் விரியும், விரிந்தால் கீச்சிடும். எவ்வளவு பயிற்சி இருந்தாலும் சிரித்துக்கொண்டு கிளாரினெற் வாசிக்க முடியாது. உங்கள் மகளைக் கவிழ்த்தது சபாஷ் அல்ல, அதற்குப் பிறகு மண்டபம் சிரித்த சிரிப்பு. அதை மகளிடம் சொல்லுங்கள். அப்பப்பாவின் பங்கு பாதியாகக் குறையும்.

(நாதஸ்வரக்காரருக்கு முன்னால் நின்று புளியங்காய் தின்றால் அவருக்கு வாயூறி வாசிப்பு நின்றுவிடும் என்று நாங்கள் சிறுவயதில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். கட்டுக்கதை என்று நினைத்திருந்தேன். ஒரு முறை முன்வரிசையில் ஒரு சிறுவன் மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். என் ட்ரம்பெற் வரிசை முழுவதும் எச்சில் விழுங்கத் தொடங்கியது. கச்சான் கோதுடைக்கும் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாங்காய் வேண்டாம்.)

பாண்ட் வாசிக்கும் பிள்ளை வாசிக்காத நேரத்திலும் சும்மா இருப்பதில்லை. இது பெற்றாருக்குத் தெரியவே தெரியாது. என்னிடம் ட்ரொம்போன் படித்த ஒரு பையன் இருந்தான். ஒரு உருப்படியில் அவனுக்கு 24 கட்டங்கள் ஓய்வு. கட்டம் ஒன்றுக்கு நான்கு எண்ணிக்கை, மொத்தம் 96. மிதமான காலத்தில் அது ஒரு நிமிடம் அளவு. கீழே இருந்து பார்த்தால் பையன் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். கிட்டே நின்ற எனக்குத்தான் தெரியும், வாத்தியத்தை மடியில் நிறுத்திவைத்து, வலது கை விரல்களைக் கட்டத்துக்கு ஒன்றாக மடக்கிக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு, மூன்று, இரண்டு, மூன்று, நான்கு. 17ஆவது கட்டத்தில் மூன்றாம் வரிசையில் இருந்து அம்மம்மா கையை உயர்த்தி அவனுடைய வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பையன் நிமிர்ந்து ஒரு நொடி சிரித்தான். அவ்வளவுதான். மடக்கிய விரலைக் குனிந்து பார்த்தான். 17ஆ, 18ஆ? பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவன் எண்ணவே இல்லை; இவனை நம்பி இருந்துவிட்டான். நான் கை காட்டியபோது இரண்டு பேரும் வாத்தியத்தைத் தூக்கவில்லை. உருப்படியின் உச்சியான இடம் அடித்தளம் இல்லாமல் போனது. அன்று இரவு அம்மம்மா என்னிடம் வந்து, “பிள்ளையை ஏன் இவ்வளவு நேரம் சும்மா இருத்தி வைத்தீர்கள்?” என்று கேட்டார்.

இனி அந்தக் கனடா அழைப்பு. தங்கையே, இதில் நான் உங்கள் பக்கம் முழுமையாக நிற்கமாட்டேன். மாலை 5.30க்கு இங்கே நிகழ்ச்சி தொடங்கினால், கோடைகாலத்தில் ரொறொன்ரோவில் காலை 8 மணி. வேலைக்குப் போகும் அவசரத்தில், கையில் தேநீரோடு, இதுவரை மடியில் வைத்துப் பார்த்திராத பெறாமகள் மேடையில் இருப்பதைப் பார்க்க ஒருத்தி காத்திருக்கிறாள். அவளை நிறுத்தச் சொல்லும் மனது எனக்கு இல்லை. இங்கே எந்தக் குடும்பத்தில் அப்படி ஒருத்தி இல்லை? படம் போகட்டும்; குரல் வேண்டாம். அழைப்பை எடுத்ததும் இரண்டு பக்கத்து ஒலியையும் பற்றிப் பேசி முடித்துவிடவேண்டும்: நீ கதைக்காதே, நான் ஒலிபெருக்கியை நிறுத்திவைக்கிறேன், முடிந்தபின் அழைக்கிறேன். கையைத் தலைக்கு மேலே தூக்காமல் நெஞ்சளவில் பிடிக்கவேண்டும், திரையின் வெளிச்சத்தைக் குறைக்கவேண்டும். பளிச் என்று வெட்டும் விளக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் போடவே கூடாது. அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் சில நொடிகளுக்குக் கடதாசியில் கறுப்புப் பொட்டுகளுக்கு நடுவே ஒரு பச்சைப் பொட்டு மிதக்கும். இதைவிடச் சிறந்த வழி, பின்னால் ஒரு முக்காலி வைத்து ஒரே ஒருவர் முழுவதையும் படம் பிடித்து, அன்றிரவே பெற்றாரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது. இந்த வாக்குறுதியை முன்கூட்டியே கொடுத்தால் பத்துக் கைகளாவது கீழே இறங்கும். பெற்றார் பக்கத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள் அல்லவா? இதுதான் முதல் வேலை. முக்காலிக்கு ஒரு தகப்பனைப் பிடியுங்கள்.

“பிள்ளைகளின் பாண்டுக்கு இவ்வளவு கெடுபிடியா?” என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் சனத்துக்குப் பாண்ட் என்றால் விருந்தினரை வாசலில் இருந்து மேடைவரை அழைத்துவருவது, இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிவகுப்புக்கு முன்னால் போவது, அல்லது கிரிக்கெற். சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் 1904இல் தொடங்கிய ‘வடக்கின் பெருஞ்சமர்’ நடக்கும் நாட்களில் மைதானத்தைச் சுற்றி ட்ரம்பெற்றும் மேளமும் ஓயாது. அங்கே கூவலாம், ஆடலாம், கொடியோடு ஓடலாம். கூவாவிட்டால்தான் பிழை. அதே ட்ரம்பெற், சில வேளை அதே பையன், மண்டபத்துக்குள் வந்து வெள்ளைச் சட்டையோடு கதிரையில் உட்கார்ந்து கடதாசியைப் பார்த்து வாசிக்கும்போது, இது வேறு வேலை என்று சனத்துக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு காலமும் பாண்டைப் பின்னணியாக மட்டுமே காட்டியவர்கள் நாங்கள். பரிசளிப்பு விழாவில் பாண்ட் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலிவாங்கியில் வாகன இலக்கம் சொல்லி எடுக்கச் சொன்ன நிகழ்ச்சிகள் எனக்குத் தெரியும். அந்த அம்மாவை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை.

நீங்கள் அவரிடம் பேசியது பிழையா? பேசியது பிழையில்லை, இரண்டு தடவை திரும்பி முறைத்ததுதான் வேலையைக் கெடுத்தது. முறைப்பு வாங்கியவருக்கு ரோசம் வரும். ரோசம் வந்தவர் குரலைத் தாழ்த்தமாட்டார். உருப்படி முடிந்து கைதட்டல் எழும்போது, அந்தச் சத்தத்துக்குள், சிரித்த முகத்தோடு, “அக்கா, அடுத்ததில் என் மகள் தனியே வாசிக்கிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தால் அவர் கனடாவுக்கும் சேர்த்து வாயில் விரல் வைத்துக் காட்டியிருப்பார். எங்கள் ஊர்ச் சனத்தை அதட்ட முடியாது; கேட்டுக்கொண்டால் மறுக்கமாட்டார்கள்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. உங்களைவிடப் பெரிய பிழையை நான் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஒரு பாடசாலையில், மெதுவான ஒரு உருப்படி போய்க்கொண்டிருந்தது. முன்வரிசை மெத்தைக் கதிரைகளில் இருந்த பெரியவர்கள் சிலர் ஒரு காணி விஷயத்தைக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பரப்புக்கு என்ன விலை என்பதுவரை எனக்குக் கேட்டது. பொறுத்துப் பார்த்தேன். பிறகு கையை உயர்த்தி பாண்டை நிறுத்திவிட்டேன். சனத்தின் பக்கம் திரும்பி, “கதைக்கவேண்டியவர்கள் வெளியே போய்க் கதைக்கலாம்” என்றேன். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். திரும்பினேன். இரண்டாம் வரிசையில் யூபோனியம் வைத்திருந்த சின்னவன், தன் உடம்பளவு வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி, கண் நிறைய நீரோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நிறுத்துவதற்குச் சற்று முன்னால் அவன் ஒரு சுரத்தைத் தப்பாக ஊதியிருக்கிறான். அதற்காகத்தான் நிறுத்தினேன் என்று நினைத்துவிட்டான். நான் சனத்துக்குச் சொன்னது அவன் காதில் விழவே இல்லை. மறுபடியும் தொடங்கினோம். அவன் வாத்தியத்தை வாயில் வைத்திருந்தான், ஊதவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த இரண்டு கிழமைப் பயிற்சியிலும் அவனிடமிருந்து சத்தம் வரவில்லை. அதன் பிறகு நான் எந்தச் சனத்தையும் மேடையில் நின்று கண்டித்ததில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் வேறு. தங்கள் பிள்ளை முடித்ததும் எழுந்து போகிறார்களே, அதுதான். கைத்தொலைபேசியையும் சபாஷையும் அறியாமை என்று மன்னிக்கலாம். இதைச் செய்பவர்களுக்குத் தாம் செய்வது தெரியும். மேடையில் மூத்த பிரிவு ஏறுகிறது. அவர்களில் பலர் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறவர்கள். பரீட்சையோடு வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். ஆறு வருடப் பயிற்சியின் கடைசி மாலை அது. அவர்கள் கண் முன்னால் பிளாஸ்ரிக் கதிரைகள் தரையில் கிறீச்சிட்டு ஒதுங்குகின்றன, மோட்டார் சைக்கிள்கள் உறுமுகின்றன, வாடகைக் கதிரைக்காரப் பையன்கள் வெறுமையான வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்குகிறார்கள். இன்றைக்குத் தரம் 8 பிள்ளையின் பெற்றார் இன்னும் மூன்று வருடத்தில் அந்த மேடைப் பிள்ளைகளின் பெற்றார்தானே.

கடைசிப் பஸ் இருக்கிறது, மடியில் குழந்தை தூங்குகிறது, காலையில் ரியூஷன். எல்லாம் உண்மைதான். போகவேண்டியவர்கள் தொடக்கத்திலேயே ஓரத்துக் கதிரையில் அமர்ந்து, ஒரு உருப்படி முடிந்து கை தட்டும்போது எழுந்து போகலாம். குழந்தையோடு வருபவர்களுக்கும் அதே ஓரம், கதவுக்குக் கிட்டே. அழத் தொடங்கியதும் வெளியே தூக்கிக்கொண்டு போகலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லித் திருத்துவதைவிட நிரலைத் திருத்துவது இலகு. உங்கள் ஆசிரியருக்கு ஒரு சூத்திரம் சொல்லுங்கள்: கடைசி உருப்படியில் சின்னவர்களும் பெரியவர்களும் சேர்ந்து மேடையேறட்டும். இலகுவான ஒரு நடை, சின்னவர்களுக்கு நான்கே நான்கு சுரம் போதும். தன் பிள்ளை மீண்டும் மேடைக்கு வரும் என்று தெரிந்தால் எந்தத் தாயும் கடைசிப் பஸ்ஸைப் பற்றிப் பேசமாட்டாள். நான் இதைக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் எடுத்தது.

பாடசாலைப் பக்கத்துக் குற்றம் ஒன்றும் இருக்கிறது. அதை ஆசிரியரால் அதிபரிடம் சொல்ல முடியாது. பெற்றாராகிய நீங்கள் சொல்லலாம். பிள்ளைகள் உள்ளே ஊதி வாத்தியத்தைச் சூடாக்கி, சுருதி சேர்த்துக்கொண்டு மேடைக்கு வருகிறார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை, பிரதம விருந்தினர் உரை. குளிரூட்டிய மண்டபம் என்றால் அரை மணிக்குள் பித்தளை ஆறிவிடும். ஆறினால் சுருதி இறங்கும். கிளாரினெற்றின் நாணல் காய்ந்துவிடும். உரைகள் முடிந்து முதல் உருப்படி தொடங்கும்போது ஆளுக்கொரு சுருதியில் நிற்பார்கள். சனமும் இருந்து இருந்து களைத்து, கதைக்கத் தொடங்கியிருக்கும். முதலில் மூன்று உருப்படி, பிறகு உரை என்று மாற்றச் சொல்லுங்கள். முன்வரிசை விருந்தினர்களுக்கு அழைப்பிதழோடு ஒரு சிறு குறிப்பும் போகட்டும். சனம் முன்வரிசையைப் பார்த்துத்தான் நடக்கும். முன்வரிசை கைத்தொலைபேசியில் கதைத்தால் பின்வரிசைக்கு யார் சொல்வது?

கை தட்டும் கேள்விக்கு வருகிறேன். இதில் மிகக் கடுமையாக இருப்பவர்கள் வரலாறு தெரியாதவர்கள். 1778இல் பாரிஸில் மோசார்ட்டின் சிம்பொனி ஒன்று முதன்முதலில் வாசிக்கப்பட்டபோது, முதற்பகுதியின் நடுவிலேயே சனம் கை தட்டியது. அவர் கோபிக்கவில்லை. அந்த இடம் பிடிக்கும் என்று எழுதும்போதே தெரியும், அதனால்தான் முடிவிலும் ஒரு தடவை அதைக் கொண்டுவந்தேன் என்று தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் மாமா அங்கே இருந்திருந்தால் மோசார்ட்டுக்கு நல்ல துணை. பாகங்களுக்கு இடையே மௌனமாக இருக்கும் வழக்கம் பிறகு வந்து, இருபதாம் நூற்றாண்டில்தான் இறுகியது. 1882இல் ஜேர்மனியில் வாக்னர் தம் இசைநாடகத்தின் நடுவே தாமே “பிராவோ” என்று கூவ, பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்று தெரியாமல் அவரையே அடக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு.

ஆகவே பயப்பட வேண்டாம். பாடசாலை பாண்ட் வாசிப்பவை பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடத்தில் ஒரே மூச்சில் முடிபவை. நிரலில் ஒரே தலைப்பின் கீழ் இரண்டு மூன்று பகுதிகள் இருந்தால் மட்டும் கடைசிவரை காத்திருப்பது நல்லது. சந்தேகம் வந்தால் மாஸ்டரின் கையைப் பாருங்கள். கடைசிச் சுரம் ஓய்ந்த பிறகும் அவருடைய கை மேலே நிற்கும். பிள்ளைகளும் வாத்தியத்தை வாயில் இருந்து எடுக்கமாட்டார்கள். கை இறங்கினால் முடிந்தது. யாராவது முந்திக்கொண்டு தட்டிவிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். தட்டியவர் சந்தோஷத்தில்தான் தட்டினார். நிகழ்ச்சி தொடங்குமுன் எல்லோரும் சேர்ந்து ஒரே சுரத்தை நீட்டி ஊதுவார்களே, அது சுருதி சேர்ப்பது. சனம் மிக உரக்கக் கதைப்பது அப்போதுதான். தம்புரா மீட்டும்போது நாம் குரலைத் தாழ்த்துவோம் அல்லவா, அதே மரியாதை இதற்கும் போதும். ட்ரம்பெற் வைத்திருப்பவன் ஒரு விசையை அமுக்கித் தரையில் நீர் விடுவதைப் பார்த்து அருவருக்கவும் வேண்டாம்; மூச்சின் ஈரம் குழாயில் பட்டு நீராகிறது, பானை மூடியில் ஆவி படிவது போல.

மாமாவுக்கு என்ன செய்வது? நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னதாக, மகளை அவருக்கு எதிரே இருத்தி, தனியே வாசிக்கும் இடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தாளம் போடட்டும். நான்கு நான்காகத்தான் போகும். ஆதி தாளம் தெரிந்தவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மகள் அவருக்கு எண்ணிக் காட்டட்டும், எங்கே ஓய்வு, எங்கே மூச்சு எடுக்கிறாள், எந்த இடத்தில் பயம் என்று. இருவருக்கும் இடையில் உள்ள இரண்டு நாள் மௌனத்துக்கும் அது மருந்து. பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: “மாமா, மாஸ்டரின் கை இறங்குவதுதான் தீர்மானம்.” அவருக்கு அது போதும். அவரை நடுவரிசையில், மகள் கண்ணில் படாத பக்கமாக இருத்துங்கள். தொடையில் தாளம் போட்டால் தடுக்காதீர்கள், சத்தம் வராது.

அவருடைய சபாஷை வீணாக்கவும் வேண்டாம். நிகழ்ச்சி முடிந்து நல்லூரில் ஐஸ்கிறீம் குடிக்கப் போவீர்கள்தானே. அங்கே, எந்த இடத்துக்கு எத்தனை சபாஷ் என்று மகளே அப்பப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கீச்சிட்ட இடம் இருந்தால் அதையும் அவர் மறைக்கமாட்டார்.